பேராசிரியரின் கணக்கும் வியாபாரியின் கொப்பியும்

ஆராய்ச்சி என்றால் அது படித்தவர்களின் விடயம், வியாபாரம் என்றால் அது நம்முடைய விடயம் என்றதோர் எண்ணம் நமது வர்த்தகர்கள் மத்தியில் நீண்ட காலமாக வேரூன்றிப் போயிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். கடை என்பது காசு எண்ணும் இடம், அறிவுக்கு அங்கே வேலை இல்லை என்று நினைப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில் எவ்வளவு உழைப்பும் எத்தனை பிள்ளைகளின் எதிர்காலமும் வீணாகின்றன என்பதைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் வினாக்கொத்துடன் நமது கடைகளுக்கு வருகிறார்கள். நாமும் ஒரு பிளேன்டீ கொடுத்து, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவர்களுடைய கேள்விகளுக்கும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த ஆய்வு அழகாகக் கட்டப்பட்டு, பொன்னெழுத்தில் தலைப்பு அச்சிடப்பட்டு, நூலகத் தட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதன் பிறகு யாரும் திறப்பதில்லை. மறுபக்கத்தில் நமது பில் கொப்பிகள். வரிக் கணக்குக்காகச் சில வருடங்கள் பரணில் கிடந்துவிட்டு, கடைசியில் பழைய பேப்பர் வாங்குபவரின் தராசில் கிலோக் கணக்கில் ஏறுகின்றன.

அந்தப் பொன்னெழுத்துப் புத்தகத்தையும் இந்தப் பழைய கொப்பியையும் ஒரே மேசையில் வைத்தால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு வெளியூரில் பதில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். அதில் வெற்றியும் உண்டு, நாம் கவனிக்க வேண்டிய முடிவும் உண்டு.

விமானச் சீட்டில் பிறந்த ஆராய்ச்சி

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணனித்துறைப் பேராசிரியராக இருந்தவர் ஓரென் எட்சியோனி. தம்பியின் திருமணத்துக்காகப் பல வாரங்களுக்கு முன்பே விமானச் சீட்டு வாங்கிய அவர், விமானத்தில் பக்கத்து ஆசனக்காரர்களிடம் விலையை விசாரித்தாராம். தமக்குப் பின்னால் வாங்கிய பலர் தம்மைவிடக் குறைந்த விலையே கொடுத்திருந்தார்கள். முந்தி வாங்கினால் மலிவு என்று எல்லோரும் நம்பும் ஒரு விடயம் பொய்யாகிப் போயிருந்தது.

நம்மில் ஒருவராக இருந்தால் விமானக் கம்பனியை இரண்டு வார்த்தை ஏசிவிட்டு மறந்திருப்போம். அவர் அதை ஓர் ஆய்வாக எடுத்துக்கொண்டார். தம்முடைய மாணவரோடும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடும் சேர்ந்து, இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போடப்பட்டிருந்த விமானச் சீட்டு விலைகளைக் கணனி மூலம் தொடர்ச்சியாகக் குறித்துவைத்தார். 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 41 நாட்கள், இரண்டே இரண்டு பயணப் பாதைகள். சேர்ந்தது 12,000க்குச் சற்று அதிகமான விலைப் பதிவுகள். அவ்வளவுதான் அவர்களுடைய முழுச் சரக்கும்.

இந்தப் பதிவுகளை வைத்து, ஒரு சீட்டை ‘இப்போது வாங்கு’ அல்லது ‘பொறுத்திரு’ என்று சொல்லும் முறையொன்றை உருவாக்கினார்கள். அதற்கு ஹம்லட் என்று பெயர். பரீட்சித்துப் பார்த்தபோது, கணனிக்குள் பாவனையாக வைத்த 341 பயணிகளுக்கு அது 198,074 டொலர் மிச்சப்படுத்திக் கொடுத்தது. நாளைய விலை முழுவதையும் முன்கூட்டியே அறிந்த ஒருவர் இருந்திருந்தாலும் 320,572 டொலருக்கு மேல் மிச்சப்படுத்தியிருக்க முடியாது. அதாவது, முழு அறிவு தரக்கூடிய இலாபத்தில் 61.8 வீதம் இந்தச் சிறிய கொப்பியில் இருந்து கிடைத்தது. இவை 2003இல் ஓர் ஆய்வரங்கில் வெளியிடப்பட்ட கணக்குகள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும. விமானக் கம்பனி ஏன் விலையைக் கூட்டுகிறது, ஏன் குறைக்கிறது என்று அந்தக் கணனி கேட்கவில்லை. எத்தனை ஆசனம் மிச்சம் இருக்கிறது என்பதுகூட அதற்குத் தெரியாது. கடந்த விலைகள் எப்படி அசைந்தன என்பதை மட்டும் பார்த்தது. நமது மொத்த வியாபாரிகள் மிளகாயை இன்றைக்கு விடலாமா, இரண்டு நாள் வைத்திருக்கலாமா என்று முடிவெடுப்பதும் ஏறத்தாழ இப்படித்தான். அனுபவம் என்று நாம் சொல்வது மனதில் எழுதிவைத்த விலைப்பட்டியலே. வித்தியாசம் என்னவென்றால், மனது மறக்கும், தனக்குப் பிடித்ததை மட்டும் நினைவில் வைக்கும். எழுதியது அப்படியே இருக்கும்.

ஆய்வு கடையாக மாறியபோது

ஆய்வரங்கில் கைதட்டல் வாங்கியது ஒரு விடயம். அதைக் கடையாக்கியது வேறு விடயம். ஹம்லட் பின்னர் ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனமாக மாறியது. அந்த மாற்றத்தில் நான் நான்கு காரியங்களைக் காண்கிறேன். நான்கும் எந்த வியாபாரிக்கும் விளங்கக்கூடியவை.

முதலாவது, கொள்முதல். 12,000 பதிவுகள் ஆய்வுக்குப் போதும், நாடு முழுவதற்கும் சேவை வழங்கப் போதாது. இணையத்தில் இருந்து பொறுக்கி எடுப்பதும் நிரந்தர வழியல்ல. ஆகவே, விமானச் சீட்டு விலைத் தகவல்களை மொத்தமாக வைத்திருந்த ஐ.ரி.ஏ. சொப்ட்வெயார் என்ற நிறுவனத்திடம் இருந்து அதைப் பெற்றுக்கொண்டார்கள். நமது பாஷையில் சொன்னால், தெருவோரத்தில் சில்லறையாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மொத்த வியாபாரியிடம் போனார்கள்.

இரண்டாவது, நிர்வாகம். பேராசிரியர் காசாளர் கதிரையில் உட்காரவில்லை. நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை ஹியூ கிரீன் என்பவர் தலைமை அதிகாரியாக ஏற்றுக்கொண்டார். பேராசிரியர் ஸ்தாபகராக இருந்துகொண்டே பல்கலைக்கழகத் தொழிலையும் தொடர்ந்தார். கண்டுபிடித்தவரே கடையையும் நடத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கண்டுபிடிப்பவருக்குப் புதிய கேள்விகளில் ஆசை. கடை நடத்துபவருக்கோ ஒரே வேலையை ஒவ்வொரு நாளும் பிழையில்லாமல் செய்யும் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, சிறிய தொடக்கம். 2006இல் பொதுமக்களுக்குச் சோதனையாகத் திறந்தபோது சியாட்டல், பொஸ்டன் ஆகிய இரண்டு நகரங்களில் இருந்து புறப்படும் விமானங்களுக்கு மட்டுமே அவர்கள் ஆலோசனை சொன்னார்கள். முதல் நாளே எல்லா ஊரிலும் கிளை திறக்கவில்லை.

நான்காவது, நம்பிக்கை. நாளைக்கு விலை இறங்கும், பொறுத்திரு என்று சொல்லி, அது ஏறிவிட்டால் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா? ஆகவே தங்கள் கணிப்பு எவ்வளவு உறுதியானது என்பதையும் விலையோடு சேர்த்தே காட்டினார்கள். பின்னர் ஒரு சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு, கணிப்புப் பிழைத்தால் விலை வித்தியாசத்தைத் தாங்களே ஈடுசெய்யும் திட்டமொன்றையும் கொண்டுவந்தார்கள். சொன்ன வார்த்தைக்குப் பின்னால் காசு வைப்பவரையே சந்தை நம்பும்.

2008இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஃபேர்காஸ்டை வாங்கியது. விலை ஏறத்தாழ 115 மில்லியன் டொலர் என்று அன்றைய செய்திகள் கூறின. 2012 அளவில் அந்த முறை 20,000 கோடி விலைப் பதிவுகளைக் கையாண்டது, நூற்றுக்கு 75 தடவைகள் சரியாகச் சொன்னது, பயணிக்குச் சராசரியாக ஒரு சீட்டில் 50 டொலர் மிச்சப்படுத்தியது என்று அடுத்த வருடம் வெளிவந்த நூலொன்று எழுதியது. இரண்டு பாதைகளும் 41 நாட்களுமாக ஆரம்பித்தது எங்கே போய் நின்றது பாருங்கள்.

சரக்கு யார் கையில்?

பலர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று முடித்துவிடுவார்கள். வியாபாரியாகிய எனக்கு இதற்குப் பிறகு நடந்ததே முக்கியமாகப் படுகிறது.

ஃபேர்காஸ்டுக்குக் கணிக்கும் திறமை சொந்தம். ஆனால் கணிப்புக்குத் தேவையான விலைத் தகவல் இன்னொருவருடையது. 2010 ஜூலையில், அந்தத் தகவலை வைத்திருந்த ஐ.ரி.ஏ. நிறுவனத்தை 700 மில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. மைக்ரோசொப்டின் நேரடிப் போட்டியாளர் கூகுள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குச் சரக்குத் தரும் மொத்தக் கடையை எதிர்க்கடைக்காரர் வாங்கிவிட்டால் உங்களுடைய தூக்கம் எப்படி இருக்கும்? அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்டு, ஏனைய நிறுவனங்களுக்கும் நியாயமான நிபந்தனைகளில் தொடர்ந்து வழங்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்த பிறகே 2011இல் அந்த விற்பனை நிறைவேறியது. அந்தக் கட்டுப்பாட்டுக்கும் 5 வருட எல்லையே இருந்தது. அதே 2011இல் கூகுள் தனது சொந்த விமானச் சீட்டுச் சேவையை ஆரம்பித்தது. 2014இல் மைக்ரோசொப்ட், ஃபேர்காஸ்டில் இருந்து வந்த விலைக் கணிப்பைக் கைவிட்டது.

கைவிட்டதற்கு இதுவே ஒரே காரணம் என்று நான் வாதிட வரவில்லை. பெரிய நிறுவனங்களின் முடிவுகளுக்குப் பல காரணங்கள் இருக்கும். ஆனால் கூகுள் எதற்கு 700 மில்லியன் கொடுத்தது, மைக்ரோசொப்ட் எதற்கு 115 மில்லியன் கொடுத்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைகளைக் கையில் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது, அந்த விலைகளை வைத்துக் கணிக்கத் தெரிந்தவருக்குக் கிடைத்ததைப் போல 6 மடங்கு. புத்திக்கு விலை உண்டு. ஆனால் சரக்கு எவர் கையிலோ, பேரம் பேசும் பலமும் அவர் கையில்தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விடயம் இதுதான். தரவை அடிப்படையாகக் கொண்ட எந்தத் தொழிலிலும் சரக்கு என்பது தரவுதான். ஆய்வு முறை, தராசும் அளவுகோலும் போன்றது. நல்ல தராசு இருந்தும் சரக்கு இல்லாதவர் வியாபாரம் செய்ய முடியாது. ஆய்வை நிறுவனமாக்க நினைக்கும் ஒரு பட்டதாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எனக்கு இந்தத் தரவை நாளைக்கும் யார் தருவார், எந்த எழுத்தின் பேரில் தருவார்?’ என்பதாகும். நமது நாட்டில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்களில் முதல்வர் யார்? பரணில் கொப்பிகளை அடுக்கிவைத்திருக்கும் நாம்தான்.

நமது ஊரில் நடந்தது

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்குச் சரிப்பட்டு வராது என்று சிலர் சொல்லக்கூடும். தம்புள்ளையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள விசேட பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி விலைகளைத் திரட்டி விவசாயிகளுக்கு அறிவிக்கும் கொவி ஞான சேவா என்ற முயற்சி 2003இல் தொடங்கியது. அதே சந்தையை நம்பியிருந்த விவசாயிகளைப் பற்றி லேர்ன்ஏசியா என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. விதைப்பதில் இருந்து விற்பது வரை ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழ 11 வீதம் தகவல் தேடுவதற்கே போகிறது என்று அது கணக்கிட்டது. பசளைக்கும் கூலிக்கும் ஆகும் செலவு எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு என்ன விலை என்று கேட்டு அலைவதற்கும் இவ்வளவு செலவு என்பது அந்த ஆய்வு வரும் வரை யாருடைய கணக்கிலும் இருக்கவில்லை. அந்த விலைத் தகவல் பின்னர் டயலொக் நிறுவனத்தின் ட்ரேட்நெட் சேவை மூலம் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. ஆய்வு, விலைத் திரட்டல், சேவை ஆகிய மூன்றும் நமது மண்ணிலேயே நடந்திருக்கின்றன.

ஆராய்ச்சிக்கூடத்தில் கற்றதைக் கொழும்பில் இருந்துகொண்டே உலகச் சந்தைக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய சஞ்ஜீவ வீரவரண 2005இல் கூட்டாக ஸ்தாபித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 மென்பொருள் நிறுவனத்தை, 2024இல் ஈ.கியூ.ரி. என்ற முதலீட்டு நிறுவனம் 600 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியதாகச் செய்திகள் வெளியாகின. அது தரவு விற்கும் தொழில் அல்ல. ஆனாலும் நமது நாட்டு மூளைக்கு உலகம் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

எதைக் கணிக்கலாம், எதைக் கணிக்க முடியாது

எனினும் அவசரப்படக் கூடாது. நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தால், அடுத்த வாரம் பம்பாய் வெங்காயம் என்ன விலை என்று கணனி சொல்லுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என்னுடைய அபிப்பிராயத்தில் நாம் கேட்கக்கூடிய மிக மோசமான கேள்வி அதுதான்.

விமானச் சீட்டு விலையைத் தீர்மானிப்பதும் இன்னொரு கணனிதான். அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும். வெங்காயத்துக்கு அப்படி அல்ல. 2019 செப்டெம்பரில், 2020 செப்டெம்பரில், மீண்டும் 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. எந்தப் பழைய விலைப்பட்டியலில் இருந்து இதை முன்கூட்டி அறிவது? நமது அரசாங்கம் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒரே இரவில் இறக்குமதி வரியை மாற்றும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது, 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டரை மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. இவற்றையெல்லாம் கணிப்பேன் என்று ஒருவர் கோட்டு சூட்டோடு வந்தால், அவரிடம் பிளேன்டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கணிக்கக்கூடியவை நமது கடைக்குள்ளேயே இருக்கின்றன. எந்த ஊர்க் கடை எந்த மாதத்தில் என்ன சரக்கை எவ்வளவு எடுக்கும்? நோன்புக் காலத்துக்கு எத்தனை நாட்களுக்கு முன்பிருந்து பேரீச்சம்பழமும் கடலைப்பருப்பும் நகரத் தொடங்குகின்றன? எந்தச் சரக்கு மூன்று மாதம் ராக்கையில் தூங்குகிறது? எந்த வாடிக்கையாளரின் செக் திரும்பும் முன்னர் அவருடைய கொள்வனவில் என்ன மாற்றம் தெரிகிறது? இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கு உண்டு, திரும்பத் திரும்ப நடக்கின்றன, பதில் சரியாக இருந்தால் அதே மாதத்தில் காசாகத் தெரியும். கடனில் ஓடும் நமது வியாபாரத்தில் கடைசிக் கேள்வி ஒன்றுக்குப் பதில் கிடைத்தாலே எத்தனையோ கடைகள் மூடப்படாமல் தப்பும்.

தரவு போதுமா என்று சந்தேகம் வரலாம். நாளொன்றுக்கு 40 பில் போடும் கடை, வருடத்தில் 300 நாள் திறந்திருந்தால் 12,000 பில் போடுகிறது. அந்தப் பேராசிரியர் தமது ஆய்வைத் தொடங்கிய அளவுதான் இது. பத்துக் கடைகள் ஒன்றுசேர்ந்தால்?

கொப்பியின் குறை

ஆனால் நமது கொப்பிகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. திகதி எழுதுகிறோம், பெயர் எழுதுகிறோம், சரக்கு, அளவு, விலை எல்லாம் எழுதுகிறோம். காசு வந்ததும் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து வெட்டிவிடுகிறோம். காசு எந்த நாள் வந்தது, முழுதாக வந்ததா, துண்டு துண்டாக வந்ததா என்று எழுதுவதில்லை. 30 நாள் கடனுக்கு வாங்கியவர் 32ஆம் நாள் கொடுத்தாரா, 90ஆம் நாள் கொடுத்தாரா என்ற மிகப் பெறுமதியான தகவல் அந்த ஒரு கோட்டுக்குள் புதைந்து போகிறது. இன்றிலிருந்து ஒரேயொரு திகதியை மேலதிகமாக எழுதத் தொடங்கினால், ஒரு வருடத்தில் உங்கள் கொப்பி வேறு கொப்பியாகிவிடும்.

கணனியில் பில் போடுகிறோமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் கடையில் முன்னர் இருந்த பில் போடும் மென்பொருளை மாற்ற வேண்டி வந்தபோது, என்னுடைய சொந்த விற்பனைப் பதிவுகளை வெளியே எடுத்துத் தர அதை விற்றவர்கள் தனியாகக் காசு கேட்டார்கள். உடன்படிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றும் வாதிட்டார்கள். ஐ.ரி.ஏ. கதையின் சிறிய பதிப்பு இது. ஆகவே மென்பொருள் வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன், ‘என் பதிவுகளை நான் கேட்ட நேரத்தில், கேட்ட வடிவில், இலவசமாகத் தர வேண்டும்’ என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டு எப்படி அமைய வேண்டும்?

இப்போது மாணவரும் வியாபாரியும் ஒரே மேசைக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் முறையைக் கொண்டுவருகிறார், நாம் தரவைக் கொண்டுவருகிறோம். நாம் கொண்டுவரும் இன்னொன்றும் உண்டு. அதற்கு நாமே மதிப்புக் கொடுப்பதில்லை. 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருள் வரிசை. அந்த வருடங்களின் விற்பனையை மட்டும் பார்த்த கணனி, நமது வாடிக்கையாளர்கள் எல்லோரும் திடீரென்று மாறிவிட்டார்கள் என்று முடிவு கட்டும். அந்தக் கடை ஏன் அந்த மாதம் சரக்கு எடுக்கவில்லை, லொறி ஏன் வரவில்லை என்பது கொப்பியில் இல்லை, முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. ஆகவே நிறுவனம் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதல் மூன்று மாதம் கணனியைத் திறக்க வேண்டாம், கடையில் வந்து உட்காருங்கள் என்பதே. எந்தத் தரவை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை வேறு எங்கும் கற்க முடியாது.

உரிமை விடயத்தை ஆரம்பத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கூகுள் நிறுவனத்துக்கு மூலமாக அமைந்த பேஜ்ரேங்க் என்ற தேடல் முறையின் காப்புரிமை, அதைக் கண்டுபிடித்த மாணவர் லாரி பேஜின் கையில் இருக்கவில்லை. அவர் படித்த ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. அதைப் பாவிக்கும் உரிமைக்காகக் கூகுள் 18 இலட்சம் பங்குகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. அந்தப் பங்குகளை விற்றதில் 2005 வரையில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 336 மில்லியன் டொலர். எல்லாம் எழுத்தில் இருந்தபடியால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. நமது பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது கண்டுபிடித்தவற்றில் பல்கலைக்கழகத்துக்கு என்ன பங்கு என்பதை நிறுவனத்தைப் பதிவு செய்யும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தரவு தரும் வியாபாரிக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரு மாணவரின் படிப்புக்காக என்றால் தாராளமாகக் கொடுங்கள். அதையே நிறுவனமாக்கி இலாபம் காணும் நாள் வந்தால் நமக்கும் ஒரு பங்கு என்பதை ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ‘நம்ம ஊர்ப் பிள்ளைதானே’ என்று வாயால் பேசி முடித்த எத்தனை கூட்டு வியாபாரங்கள் உறவையும் சேர்த்துக்கொண்டு முடிந்திருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

வாடிக்கையாளரின் இரகசியமும் ஓர் அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் நம்மிடம் பட்ட கடனை இன்னொருவரிடம் சொல்வது நமது வழக்கம் அல்ல. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் நீக்கி, கடைக்கு ஓர் இலக்கம் கொடுத்த பிறகே பதிவுகளை வெளியே விட வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. யார் காசு கொடுப்பார்? ஃபேர்காஸ்டுக்குப் பிறகு அதே பேராசிரியர், மின்சார உபகரணங்களின் விலை இறங்குமா, ஏறுமா என்று வாங்குபவருக்குச் சொல்லும் டிசைட் என்ற நிறுவனத்தை ஸ்தாபித்தார். 2013இல் அதை ஈபே வாங்கி, வாங்குபவர்களுக்கான அந்தச் சேவையை மூடிவிட்டு, அந்த அறிவைத் தனது விற்பனையாளர்களுக்காக எடுத்துக்கொண்டது. பொதுமக்கள் பாராட்டுவார்கள், ஆனால் மாதாமாதம் காசு கொடுப்பவர் பெரும்பாலும் வியாபாரியே. அப்படியானால் நமது பிள்ளைகளின் நிறுவனத்துக்கு முதல் வாடிக்கையாளராக இருக்க வேண்டியவர்களும் நாம்தான்.

தந்தைமாருக்கு ஒரு வார்த்தை

படித்துப் பட்டம் பெற்ற மகனுக்கு நாம் இரண்டு வழிகளையே காட்டுகிறோம். ஒன்று, கடைக்கு வந்து கல்லாவில் உட்கார். அல்லது, கட்டாருக்கோ டுபாய்க்கோ போ. மகள் படித்திருந்தால் அந்த இரண்டு வழிகளும்கூட இல்லை, சான்றிதழ் அலுமாரிக்குள் போய்விடுகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அவர்கள் கற்ற கணக்கையும் நாம் எழுதிய கொப்பியையும் சேர்த்து ஒரு புதிய தொழில் செய்வது. அதற்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு கொள்கலன் சரக்கில் நாம் சில வேளை இழக்கும் தொகையைவிடக் குறைவான செலவில் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். சரிவராவிட்டாலும் கடைக்கு ஒழுங்கான கணக்காவது மிஞ்சும்.

ஊருக்கு ஒரு வர்த்தக சங்கம் வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பத்துக் கடைக்காரர்கள் முன்வந்து, ஒரே கேள்வியைத் தெரிவு செய்து, ஒரு வருடம் ஒரே ஒழுங்கில் எழுதிவைக்கச் சம்மதித்து, பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவரை அழைத்து உட்கார வைத்தால் போதும். வெளியூர் நிறுவனம் ஒன்று என்றோ ஒரு நாள் வந்து நமது கடைகளின் பதிவுகளைத் திரட்டி, அதையே நமக்கு மாதக் கட்டணத்துக்கு விற்கும் காலம் வெகு தூரத்தில் இல்லை. அதற்கு முன்னர் நமது சரக்கின் பெறுமதியை நாமே அறிந்துகொள்ள வேண்டும். பழைய பேப்பர்காரர் அடுத்த தடவை வரும்போது, பரணில் இருப்பதைத் தராசில் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.